வலது காதுக் கிட்டார்

கழுத்தைக் குனி தம்பின்னு கஜபதி அண்ணன் மண்டையப் புடிச்சு அமுக்கறாரு, குனியறேன், பெரம்பூர்ல நான் குனியற ஒரே எடம் இந்த சலூன் நாற்காலிதான், நாலு மணிக்கு மெல்வின் முன்னாடி நிமிந்து உக்காரணும்னா ரெண்டே முக்காலுக்கு இங்க குனிஞ்சுதான் ஆவணும். நாலு மணிக்கு நேரலை. யாமினின்னு ஒரு பொண்ணு, பாட்டு பத்திப் பேசறதுக்குன்னே நெட்ல சேனல் வெச்சிருக்கு, பதினோராயிரம் பேர் பாக்கறாங்க, அதுல இன்னிக்கு டீசல் ஷெட். டீசல் ஷெட்டுன்னா எஞ்சின் நிறுத்தற எடம்னு நெனச்சுக்காத, நாப்பது வருசமா இந்த ஏரியாவுல ராக் வாசிக்கற பேண்டு, பாதிப் பேருக்கு முட்டி போச்சு, மீதிப் பேருக்கு முடி போச்சு, பேண்டு மட்டும் போவல. எண்பத்திமூணுல அவங்க போட்ட கேசட்ல நாலு பழைய ப்ளூஸ் பாட்டு இருக்கு, அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வெயில்ல வெந்த கறுப்பு ஜனங்க பாடினது, அதே நாலையும் இப்ப மறுபடி வாசிச்சுப் போன மாசம் வெளிய வுட்டிருக்காங்க. பழசு எப்டி, புதுசு எப்டின்னு ஒரு இளம் ரசிகர், அந்த பேண்டுல பாடிக்கிட்டே கிட்டார் வாசிக்கற மெல்வினை எதிர்ல வெச்சுக்கிட்டே பிரிச்சுப் பேசணுமாம். அந்த இளம் ரசிகர் நான்தான். நான் நெட்ல எழுதற நக்கலைப் பாத்துட்டு யாமினி கூப்புட்டுச்சு, எனக்கும் மெல்வினுக்கும் இருக்கற கதை அதுக்குத் தெரியாது. சத்யசீலன்னு பேரச் சொன்னா மெல்வினுக்கு ஞாபகம் வருமோ வராதோ, மூஞ்சியப் பாத்தா வரும், வரணும், அதுக்குத்தான் முடி வெட்டறேன், பழி வாங்கப் போறவன் பரட்டைத் தலையோட போனா எதிராளி பாவம்னு நெனச்சுட்டு மன்னிச்சிருவான். "காதுல இருக்கறத எட்றா, ஒயரையும் சேத்து வெட்டிரப் போறேன்"னாரு அண்ணன். "ஒரு காது விட்ருண்ணே, நீ வலது பக்கம் வெட்டு, நான் இடது காதுல கேட்டுக்கறேன், அப்பறம் மாத்திக்கலாம்." "ஒத்தக் காதுல பாட்டு கேக்கறது பாதி மீசை வெச்சுக்கற மாதிரிடா." "வெச்சு வுடு, அதுவும் ஃபேஷனாயிடும்." சிரிச்சாரு. துணியக் கழுத்துல சுத்தும்போது என் காப்பு அதுல மாட்டிக்கிச்சு, எவர்சில்வர் காப்பு, காலேஜ் சேந்த புதுசுல பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல வாங்குனது, இப்ப மணிக்கட்டு ஊதி, கழட்டவே வரமாட்டேங்குது. "இன்னாடா இது, மாட்டுக்குக் கட்ற மாதிரி"ன்னாரு. "அண்ணே, என் மார்க்கெட்டே இதுலதான்"னேன். கையத் துணிக்குள்ள வுட்டுட்டு, ஃபோனை மடியில வெச்சுக்கிட்டு, இடது காதுல பழச ஓட்டறேன்.

எண்பத்திமூணு. மொதல்ல ஒரு இரைச்சல், மழை மாதிரி, அது மழை இல்ல, கேசட். அப்பறம் யாரோ நாற்காலிய இழுக்கறாங்க, ரயில்வேக்காரங்க க்ளப்பு, ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹால்ல ஒரே மைக் வெச்சு எடுத்தது, பின்னாடி எவனோ டேபிள் டென்னிஸ் ஆடறான், டொக்கு டொக்குன்னு பந்து சத்தம் கடைசி வரைக்கும் வரும், அந்தப் பந்து அடிச்சவனுக்குத் தெரியுமா அவனும் சரித்திரத்துல இருக்கான்னு. கழுதைப் பாட்டு. நான் வெச்ச பேரு அது. கழுதை செத்துப் போச்சுன்னு மொதலாளி மூணு நாளு அழுதான், என் பொண்டாட்டி செத்தப்ப வேலைக்கு ஏன் லேட்டுன்னு கேட்டான், அவ்ளோதான் பாட்டு, அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாங்க. மெல்வினுக்கு அப்ப இருவத்திரண்டு வயசு, பொண்டாட்டியும் கெடயாது கழுதையும் கெடயாது, ஆனா அந்தப் பையன் பாடறான் பாரு, எழுவது வயசு துக்கத்த எவன்கிட்டயோ கடன் வாங்கிட்டு வந்து பாடறான், போலி அமெரிக்க உச்சரிப்பு, மூக்கு வழியா பாடறான், எல்லாம் கேவலம், ஆனா சோலோ. சோலோன்னா பாட்டு நின்னு கிட்டார் மட்டும் தனியா வாசிக்கற எடம், அங்க கிட்டார் ரெண்டு வரி பேசும், அப்பறம் தாளத்துல நாலு தட்டு ஒண்ணுமே வாசிக்க மாட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பந்து சத்தம் மட்டும் டொக்கு டொக்குன்னு கேக்கும். அந்த நாலு தட்டுலதான் பொண்டாட்டி சாவறா. அப்பறம் ஒரே ஒரு நோட்டு, ஒத்த ஸ்வரம், நைலான் கயிறு அறுந்த மாதிரி. இத நான் மொதல்ல கேட்டப்ப எனக்குப் பதினேழு வயசு, சும்மா இருந்த ஒரு எடத்துல ஒருத்தன் அழ வெக்க முடியும்னு அன்னிக்குத்தான் தெரியும், எங்க வீட்ல சும்மா இருந்தா கரண்ட்டு போச்சான்னு கேப்பாங்க. கேசட்ட ஃபோன்ல ஏத்திட்டு ஆறு மாசம் வாசிச்சுப் பழகினேன், மெல்வின் விரல் எங்க வழுக்குமோ அங்க என் விரலும் வழுக்கும், மெல்வின் தப்பு பண்ண எடத்துல நானும் தப்பு பண்ணுவேன், நாலு தட்டு மட்டும் வராது, ரெண்டாவது தட்டுலயே எனக்குக் கை அரிக்கும், எதையாச்சும் வாசிச்சுருவேன். வாயும் அப்டித்தான். எங்கம்மா சொல்லும், ஒன்ன கருமாதிக்குக் கூட்டிட்டுப் போனா பொணமே எந்திரிச்சுப் போயிரும்டா, ஒன் பேச்சு தாங்காமன்னு. "தலைய ஆட்டாத"ன்னு அண்ணன் தட்டறாரு. ஆட்டல, தாளம். "தாளம் போட்டா காது போயிரும், அப்பறம் எதுல பாட்டு கேப்ப?"

ரெண்டாம் வருசம் எஞ்சினியரிங், திருவள்ளூர் தாண்டி ஒரு காலேஜ், பஸ்ல ஒன்றரை மணி நேரம், அங்க ஒரு ப்ளாக்கு கட்டிக்கிட்டே இருந்தாங்க, நான் சேந்தப்பவும் கட்டினாங்க, விட்டப்பவும் கட்டினாங்க. டீசல் ஷெட்ல ரெண்டாவது கிட்டாருக்கு ஆள் தேடறாங்கன்னு கேள்விப்பட்டு மெல்வின் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனேன். காரு இல்ல, டிரம்ஸ் இருந்துச்சு. கழுதைப் பாட்டு வாசிச்சுக் காட்டினேன். மெல்வின் இடது கையில ஒரு டீ கிளாஸப் பொத்திப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, குடிக்கவே இல்ல, ஆறிப் போற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தாரு, ஸ்டைலு போலன்னு நெனச்சேன். "எங்க கத்துக்கிட்ட மேன் இத?" "உங்ககிட்ட அங்கிள்." "என்கிட்டயா? நான் உன்னப் பாத்ததே இல்ல மேன்." "நான் உங்கள ஆறு மாசமா தெனமும் பாத்தேன் அங்கிள், காதுல." சிரிச்சாரு, தோள்ல கை போட்டாரு. ஒரு மாசம் கழிச்சு அதே கை தோள்ல, "காலேஜ் என்ன மேன் காலேஜ், எஞ்சினியர் ஆயிரம் பேரு கெடைப்பான், கிட்டாருக்கு நீ ஒருத்தன்தான், வா எங்களோட"ன்னாரு. அந்த வாய்தான். அந்த வாய் அப்டிச் சொன்னதால நான் காலேஜுக்குப் போறத வுட்டேன், எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் அக்கம்பக்கத்துல எம்பையன் கடைசி வருசம்னு சொல்லிட்டு இருக்கு, அந்தக் கடைசி வருசம் முடியவே போறதில்லன்னு அதுக்கும் தெரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும். அஞ்சு மாசம் அந்த ஷெட்ல வேர்த்தேன். புதுசா ரெக்கார்டு பண்ணப் போறோம்னு ஒரு நாள் உக்கார வெச்சு நாலு பாட்டையும் என்ன வாசிக்கச் சொன்னாரு. "சும்மா வழித்தடத்துக்கு மேன், டிரம்ஸ்காரன் தொலஞ்சு போவாம இருக்கறதுக்கு. அப்பறம் இத அழிச்சுட்டு நான் மேல வாசிச்சுப்பேன்." அவங்க வேலையே அப்டித்தான், எவனாச்சும் ஒருத்தன் ஒப்புக்கு வாசிக்கணும், அதக் கேட்டு மத்தவன் வாசிப்பான், அப்பறம் ஒப்புக்கு வாசிச்சத எடுத்துருவாங்க, வீடு கட்னதும் சாரத்தப் பிரிக்கற மாதிரி. வாசிச்சேன். நடுவுல ரெண்டு தடவ நிறுத்தி, "அந்த வளையலக் கழட்டு மேன், சத்தம் மைக்ல விழுது"ன்னாரு. கழட்ட வரல அங்கிள்னேன். சோப்பு போடுன்னாரு. போட்டேன், வரல. சரி வுடு, எப்படியும் அழிக்கறதுதானன்னாரு.

அதுக்கு மூணு வாரம் கழிச்சு ரயில்வே இன்ஸ்டிடியூட் ஆண்டு விழா, முந்நூறு பேரு, மொத வரிசையில எங்கம்மா, பச்சைப் பட்டு. கழுதைப் பாட்டு சோலோ, ரெண்டாவது சுத்துல நான் கொஞ்சம் ஏத்தினேன், ஜனம் கத்துச்சு, இன்னும் ஏத்தினேன், திடீர்னு விரல் ஓடுது, சத்தம் இல்ல. திரும்பிப் பாத்தா மெல்வின் கையில என் ஒயரு. புடுங்கிட்டான். மைக்ல சொல்றான், "தம்பி, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா." முந்நூறு பேரும் சிரிச்சாங்க. என் வாழ்க்கையில என்னப் பாத்து ஜனம் சிரிச்சு நான் சந்தோசப்படாத ஒரே நாளு அதான். சோலோவ அவனாச்சும் வாசிச்சானா, இல்ல, மவுத்தார்கன் நோயலுக்குக் கையக் காட்டிட்டு நகந்துட்டான். எங்கம்மா சிரிக்கல, பையத் தூக்கிட்டு எந்திரிச்சுது, அந்தப் பச்சைப் பட்டு வரிசைய வுட்டு வெளிய போறது இன்னும் கண்ணுல நிக்குது. மேடைக்குப் பின்னாடி மெல்வின் சொன்னான், "உனக்கு வாசிக்கத் தெரியும் மேன். நிறுத்தத் தெரியல." அவ்ளோதான். மறுநாள் ஃபோன எடுக்கல, அதுக்கு மறுநாளும் எடுக்கல. எட்டு மாசமா நான் வீடு வீடா சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போறேன், ஒவ்வொரு சிக்னல்லயும் அந்த வாக்கியம் பச்சை விழற வரைக்கும் என்னோட நிக்கும். நிறுத்தத் தெரியல. இன்னிக்கு அதே வாக்கியத்த அவன் வாயிலயே திருப்பித் திணிக்கப் போறேன். ஏன்னா புதுசு வந்துச்சு இல்ல, கேட்டேன் இல்ல, அறுவது தடவ கேட்டுட்டேன். குரலு, ஒத்துக்கறேன், குரலு பழசவிட நல்லா இருக்கு, மூக்கு போச்சு, உடஞ்சிருக்கு, பெரம்பூர் இங்கிலீஷ்ல பாடறான், பொண்டாட்டி செத்தவன் மாதிரியே இருக்கு, செத்துட்டாங்க வேற, மூணு வருசம் ஆச்சு. ஆனா சோலோ. அய்யோ அந்த சோலோ. நாலு தட்டு சும்மா இருந்த எடத்துல நாப்பது நோட்டு. மூச்சு வுடல. ஃபோன்ல எழுதி வெச்சிருக்கேன், நாலு மணிக்கு வரி வரியா படிக்கப் போறேன், "இருவத்திரண்டு வயசுல எழுவது வயசு மாதிரி வாசிச்ச கை, அறுவத்திரண்டு வயசுல பொண்ணுங்க பாக்கறாங்கன்னு பைக்க முறுக்கற பையன் மாதிரி வாசிக்குது." அடுத்தது, "இந்த சோலோ கல்யாண வீட்ல பந்திக்கு எடம் புடிக்க ஓடற மாமா, கழுதைக்கும் அழல, பொண்டாட்டிக்கும் அழல, பாயாசத்துக்கு அழுவுது." கடைசி வரிதான் கத்தி, "இந்தக் கைக்கு வாசிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியல." படிச்சுட்டு அவன் மூஞ்சியப் பாப்பேன். "இன்னாடா ஒனக்கு நீயே சிரிக்கற"ன்னாரு அண்ணன். "ஒருத்தனப் போடப் போறேண்ணே." "போடு போடு, மொதல்ல இந்தப் பக்கம் திரும்பு. வலது முடிஞ்சுது."

நாற்காலியச் சுத்தினாரு. இடது காதுல இருந்தத எடுத்துட்டு வலது காதுக்கு உள்ளத வலதுல சொருகினேன், ஒரு குட்டி முடி உள்ள போயி குத்துது, வுட்டேன், புதுச ஓட்டறேன். என்னடா இது, டிரம்ஸக் காணோம். மெல்வின் குரலு எங்கயோ பக்கத்து வீட்ல பாடற மாதிரி. ஓ. பழசு ஒத்த மைக்கு, எந்தக் காதுல கேட்டாலும் ஒண்ணுதான், புதுச ரெண்டா பிரிச்சிருக்காங்க, டிரம்ஸெல்லாம் இடது பக்கம் தள்ளிட்டு கிட்டார மட்டும் வலது பக்கம் தனியா உக்கார வெச்சிருக்காங்க. அம்மணமா நிக்குது கிட்டாரு. நல்லதாப் போச்சு, கிழவன் விரல தனியாக் கேக்கலாம், இன்னும் ரெண்டு வரி வசவு சேக்கலாம். சோலோ வருது. ரெண்டு வரி. அப்பறம் ஓட்டம். டிக். என்னா அது. ஓடுது, ஓடுது, கை எறங்கற எடத்துல டிக். கத்திரிக்கோல்னு நெனச்சேன், "அண்ணே ஒரு நிமிசம் வெட்டாத"ன்னேன், அவரு கத்திரியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு, பின்னாடி ஓட்டிட்டு மறுபடி வெச்சேன். டிக். இரும்பு மரத்துல படற சத்தம். ஒவ்வொரு சுத்து முடிவுலயும், மணிக்கட்டு கீழ வர்ற எடத்துல. நாலு எடம். அஞ்சு. துணிக்குள்ள என் கை தானா எறங்குச்சு, காப்பு நாற்காலியோட மரக் கைப்பிடியில பட்டுச்சு, டிக். ஒரே சத்தம். ஒரே சத்தம்டா. அழிக்கல. சாரத்தப் பிரிக்கவே இல்ல, சாரத்துக்கே பெயிண்டு அடிச்சு வீடுன்னு வித்துட்டான். நான்தான் அது. அறுவது தடவ கேட்டும் எனக்கே தெரியல, எப்படித் தெரியும், ரெண்டு காதுலயும் கேட்டா டிரம்ஸ் அந்த டிக்க முழுங்கிருது, நம்ம குரல ரெக்கார்டுல கேட்டா யாருடா இந்தத் தவளன்னுதான தோணும், நானோ மெல்வின் விரல அப்டியே பாத்து எழுதினவன், அதுக்கு மேல ஸ்டுடியோல எண்ணெய் தடவி, தலை சீவி, பவுடர் போட்டு வெச்சிருக்காங்க. ஆல்பம் அட்டையில என்ன போட்ருக்கு, கிட்டார் மெல்வின் ரோஸாரியோ. நாலு பாட்டுக்கும். திருட்டுக் கிழவா. ஆனா இரு, இரு, பாயாசத்துக்கு அழுவற மாமா யாரு அப்போ. பொண்ணுங்க பாக்கறாங்கன்னு பைக்க முறுக்கற பையன். பையன் மாதிரி வாசிக்கறான்னு எழுதினேனே, பையன்தான்டா, இருவத்தோரு வயசுப் பையன். "வெட்டலாமாடா, கை வலிக்குது"ன்னாரு அண்ணன். கண்ணாடியில பாத்தேன், வலது பக்கம் மாப்ள, இடது பக்கம் பிச்சக்காரன், நடுவுல என் மூஞ்சி.

வெட்டுங்கன்னேன். சரி யோசி. சீலா, யோசி. அந்த சோலோ என்னுதுன்னு சொல்லலாம், பதினோராயிரம் பேரு முன்னாடி, திருடிட்டான்னு கத்தலாம், ஆனா அப்ப அந்தக் கேவலமான சோலோ என்னுதுன்னும் சொல்லணும், மெல்வின் சொன்னது நெசம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. சொல்லாம எழுதினத மட்டும் படிக்கலாம், திட்டு பூரா மெல்வின் மேல விழும், ஜனத்துக்குத் தெரியாது, ஆனா அவனுக்குத் தெரியுமே, எதிர்ல உக்காந்து சிரிப்பான், பாவம் பையன் அவனையே அவன் செருப்பால அடிச்சுக்கறான்னு. ஏன் வெச்சான் என் சோலோவ. நிறுத்தத் தெரியாதவன்னு முந்நூறு பேரு முன்னாடி ஒயரப் புடுங்கினவன் ஏன்டா என் கைய எடுத்து உன் பேரு போட்ட. டீ கிளாஸு. ஆறிப் போன டீ. இடது கையில பொத்தி, குடிக்காம. அஞ்சு மாசத்துல ஒரு தடவையாச்சும் அவன் சோலோ வாசிச்சு நான் பாத்தனா, இல்ல, எப்பவும் சும்மா தாளத்துக்கு ரெண்டு கம்பி தடவுவான், சோலோ வந்தா நோயலுக்குக் கை காட்டுவான், இல்ல எனக்கு. விரலு போச்சு. அவனுக்கு விரலு மடங்கல. சூட்டுக்காகப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். ஆஹா. அப்டீன்னா வழி இருக்கு, கத்தியவிட நல்ல வழி, நான் கிட்டார எடுத்துட்டுப் போறேன், நேரலையில, எல்லாரும் பாக்க, அவன் மடியில வெக்கறேன், அங்கிள், எனக்கு நிறுத்தத் தெரியலைன்னீங்களே, எங்க நிறுத்தணும்னு வாசிச்சுக் காட்டுங்க அங்கிள்னு பணிவா கேக்கறேன். யாமினி கைதட்டும். கேமரா கிட்ட வரும். இடது கை கம்பி மேல போகும், விரலு மடங்காது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அட நாசமாப் போச்சு. நாலு தட்டு. சும்மா உக்காந்திருப்பான், ஒண்ணும் வாசிக்காம, அந்த உடஞ்ச குரலோட, செத்த பொண்டாட்டியோட, பதினோராயிரம் பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கேப்பாங்க, எண்பத்திமூண விடப் பெருசா ஜெயிச்சுருவான், நானே மேடை போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். வேணாம். கிட்டாரு வீட்லயே கெடக்கட்டும். என் கோவமும் எனக்கு ரெண்டாவது தட்டுலயே அரிக்குது பாரு, ஒண்ணு வெச்சா அது மேல ஒண்ணு, அது மேல ஒண்ணு, பந்திக்கு ஓடற மாமா.

ஃபோன் அடிச்சுது, யாமினி. "சத்யா, நாலு மணிக்கு முன்னாடி ஒரு தடவ சவுண்டு பாத்துக்கலாமா? மெல்வின் சார் வந்துட்டாரு, டீ குடுத்திருக்கோம், புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. கடைசியில அஞ்சு நிமிசம் நீங்க ஃப்ரீயா பேசலாம், சரியா, நீங்க நல்லா பேசுவீங்கன்னு தெரியும்." "அஞ்சு நிமிசம் வேணாங்க"ன்னேன். "அய்யோ, ஏன்?" "எழுதினத படிச்சுட்டு முடிச்சுக்கறேன். மைக் மட்டும் என் கைக்குப் பக்கத்துல இருக்கட்டும்." வெச்சுட்டேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். பாயாச மாமா, பைக்க முறுக்கற பையன், எல்லாம் இருக்கட்டும், என் மேலயே விழட்டும், நல்லா விழட்டும், நெசமாவே கேவலமாத்தான் வாசிச்சிருக்கேன். இந்தக் கைக்கு வாசிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியலன்னு படிப்பேன். மெல்வின் சிரிக்க ஆரம்பிப்பான். அப்ப கைய மைக்குக்கிட்ட எறக்கி மேசையில ஒரு தட்டு. டிக். யாமினி, பாட்ட வலது பக்கம் மட்டும் போடுங்கம்பேன். பதினோராயிரம் காதுலயும் டிக். அவன் இடது கையில டீ கிளாஸு எப்டி நிக்குதுன்னு பாப்பேன். திருடன்னு சொல்ல மாட்டேன். ஒயரப் பத்தி, எங்கம்மா பட்டுப் பொடவையப் பத்தி, காலேஜப் பத்தி, ஒரு வார்த்தை வராது. அந்த நிறுத்தறதுதான்டா உனக்கு, மெல்வின், எட்டு மாசமா நான் சேத்து வெச்சதுலயே பெருசு. "முடிஞ்சுது, பாரு"ன்னு அண்ணன் துணிய உதறி, பின்னாடி சின்னக் கண்ணாடியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. "எப்டி கீது? மாப்ள மாதிரி ஆயிட்ட." நான் கைய எறக்கி நாற்காலிக் கைப்பிடியில ஒரே ஒரு தட்டு தட்டினேன். டிக். "இன்னாடா?" ஒண்ணு. "டேய் சீலா." ரெண்டு. நாக்குல மூணு பதில் வந்து நிக்குது, ஒண்ணவிட ஒண்ணு நல்ல பதில், அரிக்குது. மூணு. "இன்னாடா ஆச்சு, வாயே மூடிக்கிச்சு, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" கண்ணாடியில அவரு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, பயந்த மாதிரி என்னையே பாக்கறாரு. நாலு.